சொம்பில் இருக்கும் 63ம் ஒரே காசு இல்லை, டீச்சர்

கேள்வி: வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பரணில் இருந்த அப்பாயியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பித்தளைச் சொம்பு, வாய்க்குத் துணி கட்டியிருக்கிறது, அதற்குள் 63 வெள்ளிக் காசு. பைக்கில் வந்த ஒரு பழைய வெள்ளி வியாபாரி மொத்தமாக எடை போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். திருச்சியில் இருக்கும் தங்கை, ஆளுக்கு 21 என்று மூன்று பேரும் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, பெரிய காசை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்கிறார். ஒன்றுவிட்ட அக்கா மகன், அதில் ஒன்று 1939, லட்சக்கணக்கில் போகும் என்கிறான். வீடியோ போட்ட ஒருவர் அதை விற்றுத் தர முன்பணம் 4,500 ரூபாய் கட்டச் சொல்லியிருக்கிறார். மாட்டுக் கொட்டகையைத் தோண்டினால் இன்னும் கிடைக்கும் என்பது சித்தப்பாவின் நம்பிக்கை. "ஐயா, இதெல்லாம் அசலா, என்ன பெறும், யாரிடம் காட்டுவது? காட்டுவதற்கு முன் புளி போட்டுத் தேய்த்து வைக்கட்டுமா?"

பதில்:

டீச்சர், முதலில் அந்தப் புளியைக் கீழே வையுங்கள். விபூதி, சாம்பல், பூந்திக்கொட்டை, பற்பசை எதுவும் வேண்டாம். பூஜைச் சாமானை வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பளபளவென்று வைத்துப் பழகிய கைகளுக்கு இது கஷ்டம்தான், ஆனால் காசு குத்துவிளக்கு இல்லை. வெள்ளியின் மேல் பல வருஷமாகப் படிந்த அந்தக் கருஞ்சாம்பல் படலத்தைச் சேகரிப்பவர்கள் அழுக்காகப் பார்ப்பதில்லை, அது கலையாமல் இருப்பதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள். மன்னார்குடியில் ஒரு வீட்டுக்குக் காசு மதிப்பிடப் போயிருந்தேன், நான் வருகிறேன் என்பதற்காகவே 40 காசையும் முந்தின நாள் தேய்த்து, வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். ராணி முகத்தில் சுற்றுச் சுற்றாக நார் தேய்த்த கீறல். காபி நன்றாக இருந்தது. காசைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. உங்கள் காசுகளில் மஞ்சளும் குங்குமமும் ஒட்டியிருப்பது படத்தில் தெரிகிறது, அதுவும் அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் முறத்தில் பரப்பி மொட்டைமாடியில் எடுத்து அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி இரண்டு ராத்திரி பார்த்தேன். உங்களிடம் வந்த யோசனைகள் எல்லாவற்றிலும் ஒரே தப்புதான் இருக்கிறது. வியாபாரி 63ஐயும் ஒரே தராசில் போடப் பார்க்கிறார், தங்கை 63ஐ மூன்றால் வகுக்கிறார், ஏதோ 63ம் ஒரே காசு மாதிரி. படத்தில் தெரிகிற வரைக்கும் அதில் முக்கால்வாசி அன்றைய வெள்ளி விலையை ஒட்டித்தான் போகும், கொஞ்சம் கூடுதலாகப் போகலாம். உங்கள் சொம்பின் மதிப்பை முடிவு செய்யப்போவது நாலைந்து காசு. அந்த நாலைந்தைப் பிரித்தெடுக்காமல் விற்பதும் தப்பு, பாகம் பிரிப்பதும் தப்பு. ஆளுக்கு 21 என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்து, நாளைக்கு ஒருத்தர் பங்கில் மட்டும் அந்த நாலும் போய் விழுந்தது தெரிந்தால், கூடப் பிறந்தவர்களுக்குள் அப்புறம் பேச்சுவார்த்தை இருக்காது. அப்பாயி சொத்தில் உரிமை இருக்கிறவர்கள் எல்லோருமாகப் பட்டியல் போட்டுக் கையெழுத்திட்டு வைத்துக்கொண்ட பிறகு மற்றதைப் பேசுங்கள்.

சரி, சொம்புக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம்.

நான் எண்ணியதில் 18 காசு 1940லிருந்து வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய். அதுவரை ஒரு ரூபாய் என்றால் ஒரு தோலா, 11.66 கிராம், அதில் கிட்டத்தட்ட 91.7 சதவீதம் வெள்ளி. யுத்தகாலத்தில் ஜனங்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்க ஆரம்பித்ததும் சர்க்கார் எடையை மாற்றாமல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டது, மீதிக்குச் செம்பு, நிக்கல், துத்தநாகம். விளிம்பைப் பார்த்தால் அடையாளம் தெரியும், பல் பல்லாக இருக்கிற விளிம்பின் நடுவே ஒரு பள்ளமும் அதற்குள் சின்ன வேலைப்பாடும் ஓடும். பழைய ரூபாயில் 10.69 கிராம் சுத்த வெள்ளி என்றால் இதில் 5.83தான். வியாபாரிக்கு இது நன்றாகவே தெரியும். மொத்தமாகக் குவித்து எடை போடும்போது இந்த 18ஐ உரசிக் காட்டி "எல்லாம் பாதி வெள்ளிதாம்மா" என்று சொல்லி, முழு வெள்ளிக் காசுக்கும் பாதி விலை போடுவதுதான் வழக்கம். வீட்டு வாசலில் நடக்கும் ஏமாற்றில் பாதி இந்தக் கலவையில்தான் நடக்கிறது.

அடுத்து 25 காசு ஐந்தாம் ஜார்ஜ். நம் பக்கத்தில் எந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தாலும் இவர்தான் முதலில் எட்டிப் பார்ப்பார். நெல் விற்ற பணத்தைச் சொம்பிலும் குதிருக்குள்ளும் போட்டு வைத்த காலத்து ரூபாய், கோடிக்கணக்கில் அடித்தார்கள், அதனால் சாதாரணமாகத் தேய்ந்த காசுக்கு வெள்ளி விலைதான். ஆனால் அதில் ஒன்றில் வருஷம் 1911 என்று தெரிகிறது. அதைத் தனியாக எடுத்து வையுங்கள். அந்த வருஷக் காசில் ராஜாவின் மேலங்கியில் தொங்கும் பதக்க மாலையில் ஒரு யானை உண்டு, தும்பிக்கை குட்டையாகச் செதுக்கப்பட்டதால் ஜனங்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்கள் மனம் புண்பட்டு எதிர்ப்பு கிளம்பியதும் காசைத் திரும்பப் பெற ஆரம்பித்து, 1912 காசுக்கு யானையைத் திருத்திச் செதுக்கினார்கள். எங்கள் வட்டாரத்தில் இதற்குப் பன்றி ரூபாய் என்றே பெயர். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி, 1911ஐயும் ஏதாவது ஒரு 1918ஐயும் பக்கத்தில் வைத்து ராஜாவின் நெஞ்சுப் பக்கம் பாருங்கள், கால் அங்குலத்தில் பாதி கூட இருக்காது அந்த யானை, வித்தியாசம் சட்டென்று பிடிபடும். லட்சமெல்லாம் இல்லை, ஆனால் பக்கத்தில் இருக்கும் 1918ஐவிட நல்ல விலை உண்டு, தேயாமல் இருந்தால் இன்னும் நன்றாகவே உண்டு.

எட்வர்டு நாலு, விக்டோரியா எட்டு. விக்டோரியாவில் ஒன்று 1840, இரண்டு 1862. "ரொம்பப் பழசு" என்று எழுதியிருக்கிறீர்கள். பழசு வேறு, அரிது வேறு டீச்சர். 1840 என்று போட்ட ரூபாயை அடுத்த இருபது வருஷமும் அதே வருஷம் போட்டு அடித்தார்கள். 1862ம் அப்படித்தான், 1874 வரைக்கும் வருஷம் மாறவே இல்லை. ஆக இங்கே விலையை வருஷம் முடிவு செய்யாது, தலைப்பக்க எழுத்து எப்படி ஓடுகிறது, புள்ளிகள் எத்தனை, எங்கே இருக்கின்றன என்கிற நுணுக்கங்கள் முடிவு செய்யும். 1840ல் ராணி பெயர் தலைக்கு மேல் ஒரே ஓட்டமாகப் போகிறதா, தலையின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள், உங்கள் படத்தில் அந்த இடத்தில் சூரியன் பட்டுக் கண் கூசுகிறது.

அக்கா மகன் சொன்ன 1939க்கு வருவோம். பையன் பொய் சொல்லவில்லை, 1939ஆம் வருஷத்து வெள்ளி ஒரு ரூபாய் உண்மையிலேயே மிக அரிது, புழக்கத்துக்கு வராமல் உருக்குக்குப் போனது அதிகம். ஆனால் உங்களிடம் இருப்பது அரை ரூபாய். படத்தில் பக்கத்துக் காசைவிடச் சிறிதாக இருப்பதைப் பாருங்கள், எடை போட்டால் 5.83 பக்கம் காட்டும். 1939 அரை ரூபாய் தாராளமாகக் கிடைக்கிற காசு. அவனைத் திட்டாதீர்கள், வீடியோக்காரர்கள் இதைப் பிரித்துச் சொல்வதில்லை. அப்புறம், யாராவது 1939 ஒரு ரூபாய் என்று காட்டினால் முதலில் அந்தக் கடைசி 9ஐ லென்ஸில் பார்க்க வேண்டும், 8ஐச் செதுக்கி 9 ஆக்கியிருக்கலாம்.

அந்த 4,500 ரூபாயைக் கட்டாதீர்கள். காசை விற்றுத் தருகிறேன் என்பவர் விற்ற பிறகு கமிஷன் எடுப்பார், விற்பதற்கு முன்னால் பதிவுக் கட்டணம், வரி, ரிசர்வ் வங்கி அனுமதி என்று கேட்பவர் அந்தக் கட்டணத்துக்காகவே தொழில் செய்கிறார். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே, பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் விஷயத்தில் நாங்கள் தலையிடுவதில்லை, எங்கள் பெயரில் யாரும் கட்டணமோ கமிஷனோ கேட்க முடியாது என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டது. இரிடியம் கலசம், அரிசி இழுக்கும் செம்பு என்று நம் மாவட்டங்களில் எத்தனை குடும்பம் நிலத்தை விற்று அழுதிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், இது அதன் தம்பி.

மீதி எட்டு. இரண்டு காசில் வளையம் பற்றவைத்திருக்கிறது, யார் கழுத்திலோ தொங்கியவை. சேகரிப்பவர் மதிப்பு போய்விட்டது, வளையத்தை எடுக்க ஆசாரியிடம் கொடுக்காதீர்கள், எடுத்தாலும் தழும்பு நிற்கும். உங்களில் யாருக்காவது அது அப்பாயி போட்டிருந்தது என்று ஞாபகம் இருந்தால் விற்கவே வேண்டாம். ராமர் பட்டாபிஷேகக் காசு ஒன்று, பின்னால் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818 என்று இருக்கிறது. மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், கம்பெனிக்காரன் அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. கோயில் வாசல்களிலும் சந்தைகளிலும் விற்பதற்காகப் பின்னாளில் அடித்த வில்லை அது. இதைத்தான் லட்சம் லட்சமாகச் சொல்வார்கள். பூஜை அறையில் திரும்ப வையுங்கள், அதற்கு அதுதான் இடம். இரண்டு காசில் புலி இருக்கிறது, 1947, காந்தத்தில் ஒட்டுகிறது, போலியோ என்று பயந்திருக்கிறீர்கள். போலி இல்லை, அந்த வருஷம் ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல், நிக்கல் காந்தத்தில் ஒட்டும்.

அந்த அரை ரூபாயையும் சேர்த்தால் மிச்சம் இரண்டு, உண்மையில் நான் இரண்டு ராத்திரி முழித்தது இவற்றுக்காகத்தான்.

ஒன்று தம்பி கேட்கிற பெரிய காசு. சூலமும் கேடயமும் பிடித்து நிற்கும் பெண், பின்புறம் சீன எழுத்தும் மலாய்க்காரர்களின் அரபு எழுத்தும், வருஷம் 1902. கிழக்கே வியாபாரத்துக்காக 1895லிருந்து 1935 வரை அடித்த டாலர் இது. உங்கள் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போய் வந்தவர் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் இதில் பெரும்பங்கு பம்பாயில் அடித்தது. சூலத்தின் நடு முள்ளில் லென்ஸை வையுங்கள், குண்டூசித் தலை அளவுக்கு ஆங்கில பி எழுத்து தெரிந்தால் பம்பாய். கல்கத்தாவின் சி அங்கே இருக்காது, அந்தப் பெண்ணின் இடது காலடிப் பக்கம் தரையில் இருக்கும். பி இருந்தால் இது பம்பாயில் பிறந்து பினாங்கு போய் வலங்கைமான் பரணில் வந்து உட்கார்ந்த காசு. கடல் கடந்து போனவர்கள் இருந்த குடும்பங்களில் இது கிடைக்கிறது, நாகூரிலும் பார்த்திருக்கிறேன். காரைக்கால் வீடுகளில் இதற்குப் பதிலாக பிரெஞ்சுக்காரர்களின் இந்தோசீனப் பியாஸ்தர் என்கிற வெள்ளிக் காசு இருக்கும், வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்தது.

போலி அதிகம் புழங்குவதும் இந்த இரண்டில்தான். நானே ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் காரைக்காலில் ஒரு தரகர் பியாஸ்தர் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒளிக்கிரீடம் வைத்து உட்கார்ந்திருக்கும் பெண், அழகான கருமை, வீட்டுக்காரர் பேச்சும் நம்பும்படி இருந்தது, மழை வேறு கொட்டிக்கொண்டிருந்தது, வாங்கிவிட்டேன். ராத்திரி வீட்டில் வந்து தராசில் வைத்தால் 23 கிராம் சொச்சம். வேடிக்கை என்னவென்றால் அந்தக் காசில் எடை 27 கிராம் என்று பிரெஞ்சில் எழுதியே இருக்கிறது. தன் எடையைத் தானே சொல்லும் காசை எடை போடாமல் வாங்கியவன் நான். இன்னமும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது, வருகிறவர்களுக்குக் காட்டுவேன்: விளிம்பைச் சுற்றி நகத்தால் வருடினால் ஒரு மெல்லிய தையல் கோடு தட்டும், இரண்டு அச்சு சேர்ந்த இடம். வயல் மாதிரி வெறுமையாக இருக்க வேண்டிய பரப்பில் கொப்புளம் கொப்புளமாகக் குழி. எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இல்லாமல் கரைந்த சோப்பு மாதிரி உருண்டிருக்கும்.

இரண்டாவது, கோபுரக் காசு. ஒரு பக்கம் கோயில் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரம், மறுபக்கம் பெருமாள். விளிம்போரம் தமிழ் எழுத்து இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள், அதற்கே உங்களுக்கு ஒரு சபாஷ். 1807லிருந்து 1812 வரையில் சென்னைப் பட்டணத்துத் தங்கசாலையில் கம்பெனிக்காரர்கள் வெள்ளியில் அரைப் பூவராகன், கால் பூவராகன் என்று அடித்தார்கள். தமிழ், தெலுங்கு, பாரசீகம், ஆங்கிலம் நான்கும் ஒரே காசில். உங்களுடையது அசலாக இருந்தால் இந்தச் சொம்பில் மற்றதெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். அசலாக இருந்தால் என்று சொல்கிறேன், படத்தை வைத்து எவனும் அசல் என்று சொல்லக்கூடாது, சொன்னால் அவனை நம்பாதீர்கள், நானாக இருந்தாலும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, நீங்கள் பாடம் நடத்தியவர், சுலபமாகப் பிடித்துக்கொள்வீர்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள், ஆன்லைனில் சில நூறு ரூபாய்தான். முதலில் காசை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தராசில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் நல்ல தண்ணீர் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். தையல் நூலில் காசைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் தண்ணீருக்குள் முழுசாகத் தொங்கவிடுங்கள், கை ஆடக்கூடாது, காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு காட்டுவது காசின் கன அளவு. முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி. 11.66 கிராம் பழைய ரூபாய் 1.13 பக்கம் காட்டும், வகுத்தால் 10.3 வரும், அது சரி. பித்தளை என்றால் எட்டரையைச் சுற்றித்தான் வரும், முலாம் பூசி ஏமாற்ற முடியாது. காசை எடுத்ததும் மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். பெரிய டாலருக்கும் அதே கணக்குதான், எடை 26.95க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கொஞ்சம் தேய்மானம் போகலாம், இரண்டு மூன்று கிராமெல்லாம் தேயாது.

கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி ஹால்மார்க் சென்டர்களில் எக்ஸ்.ஆர்.எஃப் மெஷின் இருக்கும், காசை வைத்தால் உரசாமல் கீறாமல் வெள்ளி எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும். நல்லதுதான், ஆனால் அது மேல்பரப்பைத்தான் பார்க்கும், கனமாக முலாம் போட்டிருந்தால் ஏமாறும், அதனால்தான் தண்ணீர்ச் சோதனையை முதலில் சொன்னேன். இன்னொன்று, அந்த மெஷின் வெள்ளிக்குத்தான் சாட்சி சொல்லும், காசுக்குச் சொல்லாது. நல்ல வெள்ளியிலேயே போலிக் காசு அடிக்கிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நகைக்கடையில் உரைகல்லை எடுத்தால் மட்டும் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.

வெள்ளி சரி, எடை சரி என்றான பிறகுதான் காசு தெரிந்தவரிடம் போக வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு 1லிருந்து 63 வரை நம்பர் எழுதுங்கள், முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு என்று மூன்று படம், ஜன்னலோரம் சாய்ந்த வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். கடையில் விற்கும் பிளாஸ்டிக் ஆல்பத்தில் செருகாதீர்கள், மலிவான பி.வி.சி உறை நாளாக நாளாகப் பச்சையாகப் பிசுபிசுத்துக் காசை அரித்துவிடும். காட்டப் போகும்போது சொம்போடு போகக்கூடாது, நாலைந்து காசு மட்டும், ஒரு நேரத்தில் ஒரு காசு மேஜைமேல். தேர்ந்த கை ஒன்றுக்கு இரண்டு காசைக் கலந்து மாற்ற அரை நிமிஷம் போதும்.

யாரிடம் என்று கேட்டீர்கள். வாங்கப் போகிறவர் மதிப்புச் சொல்லக்கூடாது, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மதிப்பிடுபவருக்குக் காசுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து எழுதி வாங்குங்கள்: இன்ன காசு, இன்ன எடை, இன்ன தரம், அசலா இல்லையா, ஏன். மதிப்பில் இத்தனை சதவீதம் கூலி என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், ஏற்றிச் சொன்னால் அவருக்கு லாபம். எழுதித் தரும்போதே "நானே எடுத்துக்கறேன்" என்றாலும் அப்படித்தான். இந்தக் காரணத்தாலேயே நான் மதிப்பிட்ட காசை நான் வாங்குவதில்லை, அதனால் என்னால் இன்னமும் கார் வாங்க முடியவில்லை. சென்னை பக்கம் போகிற வேலை இருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் காசுப் பகுதியை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள், அசலைக் கண்ணாடி வழியாகவாவது பார்த்த கண்ணுக்குப் போலி உறுத்தும். நாணயக் கண்காட்சி நடக்கும்போது போய் ஒரே காசை மூன்று மேஜையில் காட்டுங்கள். முதல் மேஜையில் சொன்ன விலையை இரண்டாவது மேஜையில் சொல்லாதீர்கள்.

விலைக்கு, விற்பவர் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். விற்ற விலையைப் பாருங்கள். பெங்களூரு மருதர் ஆர்ட்ஸ், மும்பை டோடிவாலா மாதிரியான ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களில் எது எவ்வளவுக்குப் போனது என்று இணையத்தில் வைத்திருக்கிறார்கள், உங்கள் காசின் அதே வகை, அதே அளவு தேய்மானம் தேடிப் பிடியுங்கள். கோபுரக் காசு அசல் என்றால் நானும் ஏலத்துக்குத்தான் போகச் சொல்வேன், கமிஷன் போனாலும் பரவாயில்லை. மீதி வெள்ளி விலைக் காசுகளுக்கு ஏலமும் வேண்டாம், அமெரிக்க நிறுவனங்கள் பெட்டியில் அடைத்துத் தரம் குறித்துத் தருவதும் வேண்டாம், செலவுக்குக் காணாது.

தம்பிக்குச் சொல்லுங்கள், டாலரைச் சிங்கப்பூருக்கு யாரிடமும் கொடுத்தனுப்ப முடியாது. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய காசு தொல்பொருள், தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. ஏர்போர்ட்டில் பிடித்தால் காசும் போகும், கொண்டுபோன பாவப்பட்ட மனுஷரும் மாட்டுவார். அவருக்கு வேண்டுமானால் அவர் பங்காக ஒதுக்கி இங்கேயே லாக்கரில் வையுங்கள்.

சித்தப்பாவின் மாட்டுக் கொட்டகை. பரணில் இருந்த பெட்டி உங்கள் குடும்பச் சொத்து, அதில் பிரச்சினை இல்லை. மண்ணுக்குள் இருந்து எடுத்தால் கதை வேறு: 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காமல் விட்டாலே குற்றம். பத்து ரூபாய்தான், நான் தப்பாக எழுதவில்லை. கொட்டகையை அப்படியே விடச் சொல்லுங்கள், மாடாவது நிம்மதியாக இருக்கட்டும்.

விற்று நல்ல தொகை வந்தால் வரி உண்டு. பூஜையில் வைத்த காசுக்கு வரி கிடையாது என்று உங்கள் ஊரில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தோல்பூர் மகாராஜாவே லட்சுமி பூஜைக்கு வைத்திருந்த சவரனும் வெள்ளி ரூபாயும் சொந்த உபயோகப் பொருள் என்று உச்ச நீதிமன்றம் வரை வாதாடிப் பார்த்தார், 1976ல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பரம்பரையாக வந்தது என்பதால் 2001 ஏப்ரல் 1ஆம் தேதி அது என்ன பெற்றதோ அதை அடக்க விலையாகக் காட்டலாம், அதற்கு மேல் வந்த லாபத்துக்குத்தான் வரி. மதிப்பீடு எழுதி வாங்கும்போதே அந்தத் தேதி மதிப்பையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், ஆடிட்டர் பிறகு கேட்பார். பணம் வங்கி வழியாக வரட்டும், இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைநீட்டி வாங்கக்கூடாது. பைக் வியாபாரி ரொக்கம்தான் தருவேன் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தராசு வந்ததும் 1911ஐயும் டாலரையும் கோபுரக் காசையும் எடை போட்டு, தண்ணீரில் தொங்கவிட்டு வந்த எண்களை எழுதுங்கள், 1840ன் எழுத்து ஓடும் விதத்தையும். கோபுரக் காசின் விளிம்பைச் சுற்றி நாலு பக்கமும் படம் வேண்டும், வெயிலில் வேண்டாம், காலை ஏழு மணி வாக்கில் திண்ணையில் வைத்து எடுத்தால் நன்றாக விழும். முடிந்தால் நாளைக்கே எடுங்கள் டீச்சர், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.